மருந்துக்குச் சாகாத புல்லை வைத்து உயிரியல் சொல்லிக்கொடுப்பது எப்படி

இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவது, என்றவுடன் எல்லாப் புத்தகமும் இங்கிலாந்துக்குப் போய்விடும். மான்செஸ்டர் பக்கம் புகை படிந்த மரம், அதில் ஒரு வெளிறிய அந்துப்பூச்சி, ஒரு கறுத்த அந்துப்பூச்சி. நல்ல உதாரணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மலேசியாவில் தெலுக் இந்தானிலும் லங்காப்பிலும் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பூச்சியும் தெரியாது, அந்த மரமும் தெரியாது. படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யும், தேர்வில் கொட்டும், அடுத்த மாதம் மறந்துவிடும். அதே பிள்ளை தினமும் மிதித்துக்கொண்டு போகிற புல் ஒன்று இருக்கிறது, அது கிளைபோசேட் என்கிற களைக்கொல்லி மருந்துக்குச் சாகாமல் நிற்பது 1997-இல் பதிவானது, அதுவும் இதே தெலுக் இந்தான் வட்டாரத்துப் பழத்தோட்டத்தில். உலகம் முழுக்க களை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் தெரியும், நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் பூச்சியைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டுப் புல்லிலிருந்து தொடங்குங்கள்.

எந்தப் புல்? மலாயில் சம்பாவ் என்பார்கள். திடலில், லயத்து வாசலில், லோரி போய்ப் போய் இறுகிய மண்சாலை ஓரத்தில் முளைப்பது. அடித்தண்டு தட்டையாக, வெள்ளையாக இருக்கும். நிமிர்ந்து வளராமல் நாலா பக்கமும் தரையோடு படுத்துக்கொள்ளும். கதிர் விரல் விரலாகப் பிரிந்து நிற்கும். கையால் பிடுங்கிப் பாருங்கள், இலை கிழிந்து வரும், வேர் வராது. கதிரைப் பார்த்ததும் வீட்டில் பெரியவர்கள் யாராவது கேழ்வரகு மாதிரி இருக்கிறதே என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டும் நெருங்கிய சொந்தம், நாம் கூழ் காய்ச்சுகிற கேழ்வரகின் மூதாதைகளில் ஒன்று இந்தப் புல்தான்.

முதலில் உயிரணு

நேராக இயற்கைத் தேர்வுக்குப் போகாதீர்கள். மருந்து எங்கே போய் வேலை செய்கிறது என்று தெரியாமல் சில புல் எப்படித் தப்பிக்கிறது என்பது புரியாது. எனவே தாவர உயிரணு முதலில், அதற்கு நுண்நோக்கி கூட உடனே வேண்டாம், சமையலறையே போதும்.

கங்கோங் கீரை வாங்கினால் தடித்த தண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். விரல் நீளத்துக்கு நறுக்கி, நெடுக்காக நான்காகக் கீறுங்கள். இரண்டு கீற்றைச் சாதாரண தண்ணீரில் போடுங்கள், மற்ற இரண்டை இரண்டு தேக்கரண்டி உப்பு கலந்த தண்ணீரில் போடுங்கள். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். சாதாரண தண்ணீரில் கிடந்தது வெளித்தோல் உள்வளைவில் வருகிற மாதிரி சுருண்டு, விறைத்து நிற்கும். உப்புத் தண்ணீரில் கிடந்தது துவண்டு போயிருக்கும். ஏன்? தண்டின் உட்பக்க உயிரணுக்கள் தண்ணீரை இழுத்துப் பருக்கின்றன, மெழுகு பூசிய வெளித்தோல் அவ்வளவு விரியாது, ஒரு பக்கம் நீண்டு ஒரு பக்கம் நீளாமல் இருந்தால் வளைந்துதானே ஆக வேண்டும். உப்புத் தண்ணீரில் நடப்பது தலைகீழ், உயிரணுவிலிருந்து தண்ணீர் வெளியே போகிறது.

இதிலேயே மூன்று உறுப்பைச் சொல்லிவிடலாம். செல்லுலோஸால் ஆன செல் சுவர், அதை ஒட்டிய மெல்லிய சவ்வு, நடுவில் பெரிய இடத்தைப் பிடித்திருக்கிற வாக்குவோல் எனும் நீர்ப்பை. சைக்கிள் டயருக்குள் டியூப் காற்றில் உப்புகிற மாதிரி நீர்ப்பை உப்பி, சவ்வைச் சுவரோடு அழுத்துகிறது. செடிக்கு எலும்பு கிடையாது, இந்த அழுத்தம்தான் இலையையும் இளந்தண்டையும் நிமிர்த்தி வைக்கிறது.

பள்ளியில் நுண்நோக்கி கிடைத்தால் ரியோ இலையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மேலே பச்சை, அடியில் ஊதா, பாதி வீட்டு வாசலில் வரிசையாக நட்டிருப்பார்களே, அதுதான். அடித்தோலை உரிப்பதில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது: இலையை மடித்து உடைத்து, ஊதாப் பக்கத்தைச் சாய்வாக இழுத்தால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய தோல் தனியே வரும், கத்தியால் சுரண்டினால் வராது. ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துப் பார்த்தால் ஊதா நிறம் உயிரணு முழுக்க நிரம்பித் தெரியும். பிறகு ஓரத்தில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் திசுத்தாளால் உறிஞ்சுங்கள். ஊதா மெல்ல மெல்லச் சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கும், சுவர் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். சவ்வு வேறு சுவர் வேறு என்று எத்தனை முறை வாயால் சொன்னாலும் இதைப் பார்க்கிறபோதுதான் பிள்ளைக்கு உறைக்கும். மறுபடி நல்ல தண்ணீர் விட்டால் ஊதா திரும்பப் பரவும், ரொம்ப நேரம் உப்பில் விடாமல் இருந்தால். இன்னொன்றும் கவனிக்கச் சொல்லுங்கள். ஊதா நிறம் இருப்பது நீர்ப்பையில், பச்சை இருப்பது பசுங்கணிகத்தில், இரண்டும் வெவ்வேறு இடம்.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், இன்னும் நிற்கிற தோட்டம் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பால் வெட்டுகிறவர்கள் ஏன் இருட்டிலேயே தலைவிளக்கு மாட்டிக்கொண்டு போனார்கள் என்று தாத்தா பாட்டியிடம் கேட்டால், வெயில் ஏறினால் பால் வராது என்பார்கள். சரியான பதில், அதற்குப் பின்னால் இருப்பது கங்கோங் தண்டில் பார்த்த அதே அழுத்தம். இரவில் இலைத்துளைகள் மூடி மரம் தண்ணீரால் நிரம்பியிருக்கும், பட்டைக்குள் பால் குழாய்களின் அழுத்தம் விடியுமுன் உச்சத்தில் இருக்கும், வெயில் ஏறி இலை வழியாக நீர் ஆவியானதும் அழுத்தம் இறங்கிவிடும். அந்தப் பால் குழாய் என்பதே ஒன்றன்பின் ஒன்றாக நின்ற உயிரணுக்களின் இடைச்சுவர் கரைந்து உண்டான வழிதான், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டுகிற பால் அந்த உயிரணுக்களின் உட்சாறு. உட்கரு சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே நின்றுவிடுவதால் மரம் இழந்த பாலை மறுபடி சுரக்கிறது. வெட்டு ஏன் இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்கிறது என்றும் கேளுங்கள். குழாய்கள் மரத்தைச் சுற்றி லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன, இந்தப் பக்கமாக வெட்டினால்தான் அதிகக் குழாய் அறுபடும். சட்டையில் பால் பட்டால் போகாது, பழைய உடுப்பில் அனுப்புங்கள்.

மருந்து எங்கே போகிறது

இப்போது பசுங்கணிகம். வெயிலைப் பிடித்துச் சர்க்கரை செய்கிற இடம் என்பதோடு பாடம் நின்றுவிடும். ஆனால் அமினோ அமிலங்கள் சிலவற்றைச் செய்வதும் அதே இடம்தான், பினைல் அலனின், டைரோசின், டிரிப்டோபான் மூன்றும் அங்கே தயாராகின்றன. அந்த வேலையில் நடுவில் ஒரு நொதி இருக்கிறது, சுருக்கமாக ஈ.பி.எஸ்.பி.எஸ் என்பார்கள். 1974-இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் செய்வது ஒன்றே ஒன்று, இந்த நொதியில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையை நிறுத்துவது. புரதம் கட்டப் பொருள் இல்லாமல் புல் மெல்லப் பட்டினியில் சாகிறது, அதனால்தான் அடித்த அன்றே ஒன்றும் தெரியாமல் சில நாள் கழித்துக் குருத்திலிருந்து மஞ்சளாகிறது. முன்பு அடித்த பாராகுவாட் அப்படி இல்லை. அது பசுங்கணிகத்திலேயே ஒளிச்சேர்க்கைப் பாதையில் புகுந்து நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும், வெயில் பட்டால் சில மணி நேரத்தில் இலை கருகிவிடும். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. மருந்து அடித்த அனுபவம் உள்ள அப்பா, அம்மா, மாமா யாராவது வீட்டில் இருந்தால் இந்த வித்தியாசத்தை அவர்களே பிள்ளைக்குச் சொல்லட்டும், நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மனித உடலில் அந்த அமினோ அமிலப் பாதை கிடையாது, நாம் பருப்பிலும் மீனிலும் தின்று வாங்கிக்கொள்கிறோம். அதற்காக மருந்து ஆபத்தில்லாதது என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடக் கூடாது. மருந்து டின்னையும் மருந்து அடிக்கிற தோம்பையும் எந்தக் காரணத்துக்காகவும் தொட விடாதீர்கள். இந்தப் பாடத்துக்கு ஒரு சொட்டு மருந்தும் தேவையில்லை.

பயறு விளையாட்டு

இயற்கைத் தேர்வைச் சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை. பச்சைப்பயறு கொஞ்சம், அதே அளவுள்ள சின்ன சிவப்புப் பயறு கொஞ்சம். சீனர் கடைகளில் பாவ் உள்ளே வைத்து அவிப்பார்களே, அந்த வகை. அளவு ஒன்றாக இருப்பது முக்கியம், ஒன்று பெரிதாக இருந்தால் பிள்ளை நிறத்தைப் பார்க்காமல் பெரியதைப் பொறுக்கும்.

புல்தரையில் ஒரு சதுர மீட்டர் அளவுக்குக் கயிறு கட்டி, ஒவ்வொன்றிலும் 30 எண்ணித் தூவுங்கள். பிள்ளைதான் மைனா. 15 விநாடியில் ஒவ்வொன்றாகப் பொறுக்கட்டும், வாரி எடுக்கக் கூடாது. பொறுக்கியதை நிறம் பிரித்து எண்ணி 30-இலிருந்து கழித்தால் தரையில் மிச்சம் எத்தனை என்று தெரியும். மிச்சமுள்ள ஒவ்வொரு பயறும் தன் நிறத்திலேயே ஒரு குட்டி போடுகிறது, அந்தக் கணக்குக்குப் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தூவுங்கள். இப்படி நாலு தலைமுறை. பச்சை ஏறிக்கொண்டே போகும், சிவப்பு தேயும். அப்புறம் விளையாட்டைச் செம்மண்ணுக்கு மாற்றுங்கள், கணக்கு கவிழும். எது நல்ல நிறம் என்று கேளுங்கள். இடத்தைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நாம் முந்திக்கொள்ள வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், பாடத்தின் உயிர் இனிமேல்தான் இருக்கிறது. புல்தரையில் சிவப்பை மட்டும் 60 தூவி ஆடச் சொல்லுங்கள். பச்சை ஒன்றுகூட இல்லை. மைனா பொறுக்கப் பொறுக்க எண்ணிக்கை குறையலாம், கூடலாம், ஆனால் எத்தனை தலைமுறை ஆடினாலும் பச்சை வராது. ஆபத்து வந்துவிட்டது என்பதற்காக எந்தச் சிவப்புப் பயறும் பச்சையாக மாறிக்கொள்ளாது. வேறுபாடு முன்பே கூட்டத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது தற்செயலாக மரபணு மாற்றத்தில் பிறக்க வேண்டும். மைனா எதையும் உண்டாக்குவதில்லை, இருப்பதில் கழிக்கிறது, அவ்வளவுதான்.

புல்லுக்குத் திரும்புவோம்

இப்போது தெலுக் இந்தான் கதையைச் சொன்னால் பிள்ளை பாதிக் கதையைத் தானே சொல்லிவிடும். கிளைபோசேட் திரும்பத் திரும்ப அடித்த தோட்டம். ஆயிரக்கணக்கில் விதை கொட்டுகிற புல், லட்சக்கணக்கான செடி. அவற்றில் எங்கோ ஒன்றிரண்டில், அந்த நொதியின் 106-ஆவது இடத்தில் புரோலின் என்கிற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குச் செரின் என்கிற வேறொன்று வந்துவிட்ட ஒரு சின்ன மாற்றம். அந்த நொதியில் கிளைபோசேட் சரியாக உட்கார முடியாது. மருந்து வராத காலத்தில் இந்த மாற்றத்தால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. மருந்து வந்ததும் பக்கத்தில் நின்றவை எல்லாம் மஞ்சளாகிச் சாக, இது காலியான இடத்தில் விதை போட்டது. இந்தப் புல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் பிள்ளைகளுக்கும் அதே நொதி. மருந்து அடிக்க அடிக்கத் தோட்டம் இவற்றால் நிரம்பியது. மைனாவின் இடத்தில் மருந்து, அவ்வளவுதான் வித்தியாசம்.

மருந்து புல்லுக்குப் பழகிப் போச்சு என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். பேச்சுக்குச் சரி. ஆனால் எந்தப் புல்லும் மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகவில்லை, தாங்க முடியாதவை செத்துப்போயின. மாறியது ஒரு செடி இல்லை, கூட்டம். இந்த ஒரு வரியைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லிவிட்டால் மிச்சப் பாடம் ஓடிவிடும்.

கதை அதோடு முடியவும் இல்லை. குளுஃபோசினேட் என்கிற வேறு மருந்துக்கும் சாகாத சம்பாவ் புல் மலாக்காவில் கெசாங்கிலும் பகாங்கில் ஜெராந்துட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 2015-இல் வெளியான ஆய்வில், மலேசியப் புல் ஒன்றில் 106-ஆவது இடத்தோடு 102-ஆவது இடமும் சேர்ந்து மாறியிருந்தது தெரிந்தது, கிளைபோசேட்டை மிக அதிக அளவில் ஊற்றினாலும் அசையாத புல் அது. கேட்க பயமாக இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. மருந்தே இல்லாத மண்ணில் இந்த இரட்டை மாற்றம் கொண்ட புல் சாதாரணப் புல்லைவிடக் குறைவாக வளர்கிறது, குறைவாக விதை போடுகிறது. தகவமைப்பு என்றால் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனம் என்று நினைக்கிற பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். செம்மண்ணில் பச்சைப்பயறுக்கு நடந்ததும் இதுதான்.

தகவமைப்பா, சமாளிப்பா?

திடலில் மிதிபடுகிற சம்பாவ் தரையோடு படுத்திருக்கும். யாரும் போகாத வேலி ஓரத்தில் மற்ற புல்லோடு போட்டியிட்டு நிமிர்ந்து நிற்பதும் உண்டு. உடனே தகவமைப்பு என்று எழுதிவிடத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஒரே விதை இடத்துக்கு ஏற்ற மாதிரி வளர்ந்திருக்கலாம், அல்லது இரண்டு இடத்திலும் மரபிலேயே வேறுபட்ட செடிகள் இருக்கலாம். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, வளர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு இடத்திலும் பழுத்த கதிரை ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் செடியிலிருந்து எடுத்துத் தனித்தனி உறையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். ஒரே அளவு மைலோ டின்கள், அடியில் ஓட்டை, ஒரே குவியலிலிருந்து அள்ளிய மண். விதையைப் புதைக்காதீர்கள், மேலாகத் தூவி லேசாக அழுத்தினால் போதும், இதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைத்ததும் டின்னுக்கு ஒன்று விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள். டின்களைக் கலந்து ஒரே வெயிலில் வையுங்கள், திடல் டின்கள் ஒரு பக்கம் வேலி டின்கள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் நிழல் விழுந்து கணக்கு கெட்டுவிடும். கதிர் வருகிற வரைக்கும் வாரம் ஒரு முறை உயரத்தையும் எத்தனை கிளை என்பதையும் அளந்து எழுதட்டும். ஒரே மண்ணில் எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்தால் முன்பு பார்த்தது செடியின் சமாளிப்பு. வித்தியாசம் அப்படியே நின்றால் மரபில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம், ஆனால் தாய்ச்செடி நல்ல மண்ணில் நின்றிருந்தால் விதையே கொழுத்திருக்கும் என்பதால், அடுத்த தலைமுறையும் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. எந்தப் பதில் வந்தாலும் பரிசோதனை வீண் இல்லை.

இதில் சலிப்பு வந்தால் பிள்ளைகளிடம் வாலஸ் கதையை எடுத்து விடுங்கள். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-இல் சிங்கப்பூரில் வந்து இறங்கி, அதே ஆண்டு மலாக்கா வந்து குனோங் லேடாங் ஏறியவர். 1855-இல் சரவாக்கில் இருந்தபடி, புதிய இனம் ஒவ்வொன்றும் தனக்கு நெருங்கிய பழைய இனத்தின் பக்கத்திலேயே தோன்றுகிறது என்று எழுதினார். 1858-இல் கிழக்கே மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு பிடிபட்டு, டார்வினுக்கு எழுதி அனுப்பினார். இருவர் எழுத்தும் அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி இலண்டனில் சேர்த்து வாசிக்கப்பட்டது. பாதிக் கண்டுபிடிப்பு இந்தப் பக்கத்துக் காட்டில் நடந்தது.

மனிதன் தேர்ந்தெடுத்தால்

செம்பனைப் பழம் ஒன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டுங்கள், வெட்டுவது பெரியவராக இருக்கட்டும், ஓடு கெட்டி. இன்று தோட்டத்தில் இருப்பது பெரும்பாலும் தெனெரா, மெல்லிய ஓடு, நிறையச் சதை. கெட்டி ஓடுள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் சேர்த்தால் பிறப்பது. ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே மரபணு என்று 1941-இல் காங்கோவில் வேலை செய்த ஆய்வாளர்கள் காட்டினார்கள், அந்த மரபணு எது என்பது 2013-இல்தான் தெரிந்தது. தேர்ந்தெடுக்கிறவருக்கு இங்கே எண்ணம் இருக்கிறது, இலக்கு இருக்கிறது. மருந்துக்கும் மைனாவுக்கும் அது கிடையாது.

பால்மரத்தில் மறுபக்கம் தெரியும். 1876-இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்கிற ஆங்கிலேயர் இலண்டனுக்குக் கொண்டுபோன சுமார் 70,000 விதையில் முளைத்தவை கொஞ்சம், 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். நம் பக்கத்துப் பால்மரங்களில் பெரும்பாலானவற்றின் வம்சம் அந்தச் சின்னக் கூட்டம்தான், அதனால் அவற்றுக்குள் வேறுபாடு குறைவு. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இங்கே வந்துவிடக் கூடாதே என்று அதிகாரிகள் இன்றும் விமான நிலையம் வரை கவனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பை மட்டும் தூவிய விளையாட்டை இங்கே நினைவுபடுத்துங்கள்.

விடை எழுதும்போது

தேர்வுத் தாளில் பிள்ளைகள் மதிப்பெண் விடுகிற இடம் எனக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்த இடம். உயிர் பிழைப்பதற்காகப் புல் தன்னை மாற்றிக்கொண்டது என்று எழுதுவார்கள். 'பிழைப்பதற்காக' என்று வந்தாலே நிறுத்தித் திருத்துங்கள், முதலில் மாற்றம், பிறகுதான் பிழைப்பு. கூட்டத்தில் வேறுபாடு இருந்தது, மருந்து தேர்வு அழுத்தமாக வந்தது, எதிர்ப்பு மரபணு உள்ளவை பிழைத்து அதிக விதை போட்டன, அந்த மரபணு அடுத்த தலைமுறையில் பெருகியது என்று இந்த வரிசையிலேயே எழுதப் பழக்குங்கள். பிழைத்தது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள் பாதிப் பேர். விதை போடாமல் நூறு நாள் பிழைத்தாலும் இயற்கைத் தேர்வில் அது கணக்கில் வராது. அப்புறம், எந்த உறுப்பில் என்று கேட்டால் இலையில் என்று பொதுவாக எழுதாமல் பசுங்கணிகத்தில், இந்த நொதியில் என்று எழுதச் சொல்லுங்கள்.

டின் புல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அளந்து முடித்ததும் கதிரோடு பிடுங்கி வேலிக்கு அப்பால் வீசிவிடாதீர்கள், எந்தச் செடி எந்த மருந்தைத் தாங்கும் என்று நமக்குத் தெரியாது. கதிரை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மண்ணையும் அதே தண்ணீரை ஊற்றி நனைத்துவிட்டு, அதற்கப்புறம் குப்பையில் சேருங்கள். பக்கத்து வீட்டு மிளகாய்த் தொட்டியில் சம்பாவ் முளைத்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.